சீதன வீடு கைக்கெட்டாதபோது: மட்டக்களப்பு இளையவர்களும் வாடகை வீடும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் ஊரிலேயே பிறந்து ஊரிலேயே கலியாணம் செய்த இளம் தம்பதியர் வாடகைக்குக் குடியிருப்பது முன்னர் அரிது. வாடகை வீடு இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியருக்கும் தாதிக்கும் வங்கி உத்தியோகத்தருக்கும் உரியது என்பதே ஊரார் எண்ணம். இன்று மட்டக்களப்பு நகரிலும் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் பாசிக்குடா, கல்குடா கடற்கரை ஊர்களிலும் வாடகைக்கு வீடு தேடுவோரில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ள இவர்களில் பலருக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. சொந்தமாக ஒரு வளவு மட்டும் இல்லை.

இளைய தலைமுறை வாடகை வீட்டை நாடுவது உலகின் பல நாடுகளிலும் நடக்கிறது. இங்கிலாந்தில் 25 முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் சொந்த வீடு உள்ளவை 2005-06 இல் 56 சதவீதம். பத்து ஆண்டுகளில் அது 38 சதவீதமாகச் சரிந்தது. அதே காலத்தில் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவை 24 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக உயர்ந்தன. அங்கே வீடு வாங்குவதற்கான பெருவழி வங்கிக் கடன். வீட்டு விலை சம்பளத்தை விட வேகமாக ஏறியதால், கடனுக்கு முன் செலுத்த வேண்டிய தொகையைச் சேர்க்கவே இளையவர்களால் முடியாமல் போனது.

மட்டக்களப்பின் கதை வேறு. இங்கே வீடு வாங்குவது ஒருபோதும் பெருவழியாக இருந்ததில்லை. வீடு பெற்றோரிடமிருந்து வந்தது, அல்லது அவர்கள் கொடுத்த காணியில் கட்டப்பட்டது. ஆகவே இங்கு வாடகை பெருகுவதை விளங்கிக்கொள்ள, அந்தப் பழைய வழி எப்படி இயங்கியது, எங்கெங்கே தடைப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தாய்வழி வந்த வீடு

கிழக்கிலங்கையின் தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகப் பின்பற்றும் வழக்கப்படி, திருமணத்தின்போது பெண்ணுக்கு வீடு வளவு கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். மூத்த மகள் கலியாணம் முடித்ததும் தாயின் வீடு அவளுக்குச் சேரும். பெற்றோரும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவிலோ பக்கத்துக் காணியிலோ இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வீடு இரண்டாவது மகளுக்கு. இப்படியே தொடர்ந்து, கடைசி மகளின் வீட்டில் பெற்றோர் முதுமையைக் கழிப்பார்கள். அக்கா, தங்கை, பெரியம்மா, சின்னம்மா என ஒரே தாய்வழியினர் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் அமைப்பு இதிலிருந்தே உருவானது.

தாய்வழிக் குடி முறையும் முக்குவர் சமூகத்தின் பழைய வழக்கமும் இதற்குப் பின்னணி. முக்குவர் வழக்கச் சட்டத்தைப் பற்றி சி. பிரிட்டோ எழுதிய நூல் 1876 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழக்கத்தின் சட்ட வலுவைக் குறைத்தது. ஆனால் கலியாணப் பேச்சில் வீடு பெண்ணுக்கு என்ற நடைமுறை மாறவில்லை. அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி வீட்டுமுறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த முறையில் ஆண்பிள்ளைகளின் பங்கு கவனிக்கத்தக்கது. ஓர் இளைஞன் உழைத்துக் கட்டும் முதல் வீடு பெரும்பாலும் தன் சகோதரியின் வீடு. அக்கா தங்கைமார் கரைசேரும் வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் அண்ணன்மாரும் தம்பிமாரும் இன்றும் உண்டு. கட்டாருக்கோ சவூதிக்கோ போனவர் அனுப்பும் பணத்தில் அத்திவாரம் ஓராண்டு, சுவர் அடுத்த ஆண்டு, கூரை அதற்கடுத்த ஆண்டு என வீடு மெல்ல எழும். தனக்கென்று ஒரு வீடு அவனுக்குத் தேவைப்படுவதில்லை. கட்டப்போகிறவள் வீட்டில் அவனுக்கு இடம் காத்திருக்கும்.

அதாவது, வீட்டுக் கடனும் வீட்டுச் சந்தையும் செய்ய வேண்டிய வேலையை இங்கே குடும்பம் செய்தது. ஒரு தலைமுறையின் சேமிப்பும் உடலுழைப்பும் அடுத்த தலைமுறையின் கூரையாயின. குடும்பத்தால் முடியாமல் போகும்போது அந்த இடத்தை நிரப்ப வேறு ஏற்பாடு இல்லை. வாடகை வீட்டின் பெருக்கத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அழிவும் மீள்கட்டலும்

ஒரு குடும்பம் மூன்று பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுக்க வேண்டுமென்றால் முப்பது ஆண்டுகள் இடையூறில்லாமல் உழைக்க வேண்டும். மட்டக்களப்புக்கு அப்படியொரு முப்பது ஆண்டு வாய்க்கவில்லை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மாவட்டம் முழுவதும் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அடுத்து வந்த போர்க்காலத்தில் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2006-07 இல் வாகரைப் பக்கத்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். இடையில் 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் நாவலடி, கல்லடி தொடங்கி பாசிக்குடா, கல்குடா வரை கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் அடுத்த மகளுக்கென்று சேர்த்த பணம் இருந்த வீட்டைத் திருத்தவே செலவாயிற்று.

வெளியிலிருந்து உதவி வந்தது. நாவலடி மக்கள் பலருக்குத் திராய்மடுவில் வீடுகள் அமைந்தன. போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா மானியமாக வழங்கப்பட்டது; வடக்கில் பெரும்பகுதியும் கிழக்கில் ஒரு பகுதியுமாக அந்த வீடுகள் எழுந்தன. ஆனால் இத்திட்டங்களின் கணக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. மூன்று மகள்மார் உள்ள வீட்டாருக்கு வேண்டியது மூன்று வீடு. கடற்கோளுக்குப் பிந்திய வீடமைப்பை ஆராய்ந்து மெக்கில்வ்ரேயும் பற்றிசியா லோரன்ஸும் எழுதிய கட்டுரை, புதிய வீடுகளை மக்கள் மகள்மாரின் சீதனமாகவே எண்ணிப் பார்த்ததை எடுத்துக்காட்டுகிறது. மானிய வீடு மூத்தவளுக்குப் போய்விட்டால், இளையவளும் அவள் கணவனும் வாடகைக்குப் போக வேண்டிய நிலை வரும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே

இரண்டாவது தடை காணி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஒடுங்கிய நிலத்துண்டு. பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, நெடுஞ்சாலை எல்லாம் அங்கேதான். மக்களும் அங்கேதான் நெருங்கி வாழ்கிறார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் நிலமும் பரந்து கிடந்தாலும், நகரில் வேலை செய்யும் இளையவர் அங்கிருந்து தினமும் போய்வருவது செலவும் சிரமமும்.

எழுவான்கரை வளவு ஒவ்வொரு தலைமுறையிலும் மகள்மாருக்குப் பிரிந்து சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பாட்டியின் காலத்தில் தென்னையும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் இருந்த வளவு, பேத்தியின் காலத்தில் வேலியும் சுவரும் முட்டிக்கொள்ளும் சில பேர்ச்சஸ் துண்டுகளாகிவிட்டது. இலங்கையின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்றான காத்தான்குடியில் இதற்கு மேல்மாடி கட்டுவது தீர்வாயிற்று: கீழ்த்தளம் மூத்த மகளுக்கு, மேல்தளம் அடுத்தவளுக்கு. ஆனால் மாடி கட்டக் கம்பியும் கொங்கிறீற்றும் வேண்டும். ஓலைக்குடிசையிலிருந்து கல்வீட்டுக்கு மாறியதே அண்மையில்தான் என்ற குடும்பத்துக்கு அது எட்டாத உயரம்.

பாசிக்குடாவில் இந்த நெருக்கடிக்கு இன்னொரு முகமும் உண்டு. போர் முடிந்தபின் அந்த ஆழமற்ற விரிகுடாவின் கரை சுற்றுலா வலயமாக வளர்க்கப்பட்டு, 2011 முதல் பெரிய ஹோட்டல்கள் வரிசையாகத் திறந்தன. கரையோரக் காணிக்கு வெளியூர் முதலீட்டாளரும் புலம்பெயர்ந்தோரும் விலை பேசத் தொடங்கினர். விற்றவருக்குப் பணம் கிடைத்தது. வாங்கிக் கட்ட நினைத்த உள்ளூர் இளையவருக்கு விலை கைமீறியது. கடற்கரைக்கு அருகில் ஒரு வீட்டை மாத வாடகைக்கு விடுவதை விட, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு அறையாக விடுவதில் உரிமையாளருக்கு வருமானம் அதிகம். அதனால் வாங்க முடியாதவர்களுக்கு வாடகை வீடும் கரையை விட்டு உள்ளே, வாழைச்சேனைப் பக்கமாகவே கிடைக்கிறது.

உறுதியும் அனுமதிப்பத்திரமும்

காணி இருந்தும் கட்ட முடியாத நிலையும் உண்டு. மாவட்டத்தில் கணிசமான குடியிருப்புக் காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ அதை வைத்திருப்பவரிடம் இருக்கும். அந்தக் காணியை விற்கவோ பிரிக்கவோ மகளுக்கு எழுதிக்கொடுக்கவோ பிரதேச செயலாளரின் அனுமதி தேவை. பெற்றோர் வாய்ப்பேச்சில் வேலி போட்டுக் கொடுத்த துண்டு, கடதாசியில் இன்னும் தந்தையின் பெயரிலேயே கிடக்கும். அதை ஈடாக ஏற்று வங்கி கடன் கொடுக்காது.

இந்தச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கு நீண்டகாலம் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. வீடு மகளுக்கு என்ற ஊர் வழக்கத்துக்கு அது நேர்மாறானது. பால் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இல்தான் நிறைவேறியது. அதற்கு முன் தந்தை இறந்து, பெயர் மாற்றப்படாமல் விடப்பட்ட காணிகளின் சிக்கல் இன்றும் தீரவில்லை.

உறுதிக்காணியிலும் தடை உண்டு. கடன் கேட்பவரின் காணியில் வங்கியின் சட்டத்தரணி சுமார் முப்பது ஆண்டுப் பின்னணியைப் பார்ப்பது வழக்கம். இடப்பெயர்வில் உறுதி தொலைந்த குடும்பங்களுக்கும், ஆளில்லாத காணியில் வேறொருவர் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கும் அந்த முப்பது ஆண்டைக் காட்டுவது எளிதல்ல. பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டம். போரினால் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்காக 2016 இல் இதற்கு விசேட ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனாலும் நீதிமன்றம் போய் உரிமையை நிலைநாட்டக் காலமும் பணமும் வேண்டும். வழக்கு முடியும் வரை வாடகை வீடுதான்.

சீமெந்து மூடையும் வட்டியும்

2022 ஆம் ஆண்டு நெருக்கடி பலருடைய கட்டுமானத்தைப் பாதியில் நிறுத்தியது. அந்த ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. அமெரிக்க டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2021 இல் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த 50 கிலோ சீமெந்து மூடை, 2022 இல் ஏறக்குறைய 3,000 ரூபாவை எட்டியது. கம்பி, ஓடு, தளவோடு, வயர், குழாய் எல்லாம் இறக்குமதியோடு தொடர்புடையவை. அவையும் கூடவே ஏறின. பின்னர் சில பொருட்களின் விலை குறைந்தாலும் பழைய நிலைக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது.

கடனின் விலையும் அப்படியே. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதத்தை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டின் இறுதியில் வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனின் வட்டியே 25 சதவீதத்தைத் தாண்டியது. இதன் பொருளை ஒரு கணக்கில் பார்க்கலாம். 50 இலட்சம் ரூபாவை 20 ஆண்டுத் தவணையில் 13 சதவீத வட்டிக்கு எடுத்தால் மாதம் சுமார் 58,600 ரூபா கட்ட வேண்டும். வட்டி 25 சதவீதமானால் அது சுமார் 1,05,000 ரூபா. தனியார் துறையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2023 நடுப்பகுதி முதல் வட்டி இறங்கி வந்திருக்கிறது. ஆனால் 13 சதவீதக் கணக்கே அந்தச் சம்பளத்தின் இரண்டு மடங்குக்கு மேல்.

ஊழியர் சேமலாப நிதியில் உள்ள பணத்தைப் பிணையாக வைத்து வீட்டுக் கடன் எடுக்கலாம். வீட்டுத் தேவைக்காக மீதியில் 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெறவும் இடமுண்டு. அதற்குப் பத்து ஆண்டு உறுப்புரிமையும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து ஆண்டான இளையவர் இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். மீன்பிடி, கூலி வேலை, முச்சக்கர வண்டி, சிறுகடை என்று வாழ்பவருக்கு அந்த நிதியே இல்லை.

வேலை நிலையாக இல்லை

கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்று தொடங்கி மழை இறங்கியதும் பாசிக்குடா ஓய்ந்துவிடும். ஹோட்டல் ஊழியரின் வருமானத்தில் அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி. வாடிக்கையாளர் வரவைப் பொறுத்துக் கூடிக் குறையும் சேவைக் கட்டணப் பங்கு மற்றொரு பகுதி. நல்ல மாதத்தில் கைக்கு வருவது வேறு, வங்கி கணக்கில் எடுக்கும் நிலையான சம்பளம் வேறு. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 இன் கொவிட் முடக்கம், 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடு என அடுத்தடுத்து வந்த அடிகளில் இந்தத் துறையில் இருந்தவர்கள் சேமிப்பையும் இழந்தார்கள்.

இளையவர்கள் ஊரில் நிலைத்திருப்பதும் உறுதியில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பதால் அதைச் சுற்றிய வீடுகளில் மாணவர் அறை எடுத்துத் தங்குகிறார்கள். படிப்பு முடிந்து கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம் என்று நினைப்பவர் ஊரில் காணி வாங்கிப் பணத்தைக் கட்டிப்போட விரும்புவதில்லை. இத்தகையோருக்கு வாடகை வீடு வசதியானது. விட்டுப் போவது எளிது. வேலைக்காக இடம் மாறக்கூடிய இந்தச் சுதந்திரம் உண்மையான பயன். அதைத் தேர்ந்து எடுப்பவரையும், வேறு வழியின்றி வாடகைக்குப் போகும் இளம் குடும்பத்தையும் ஒரே கணக்கில் வைக்கக்கூடாது.

வாடகைக்காரருக்கு என்ன பாதுகாப்பு

பல மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்து, வாய்ப்பேச்சிலோ முத்திரை ஒட்டிய ஒரு தாளிலோ உடன்பாடு முடிவாவதே இங்கு பரவலான நடைமுறை. சட்டத்தின் பார்வையில் அது பலவீனமானது. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை பிரசித்த நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும். அப்படி எழுதப்படாத உடன்பாடு மாதாந்த வாடகையாகவே கொள்ளப்படும். ஓராண்டு இருக்கலாம் என்று நம்பிப் பிள்ளையைப் பக்கத்துப் பாடசாலையில் சேர்த்த குடும்பம், ஒரு மாத அறிவித்தலில் வெளியேற நேரலாம்.

வாடகையைக் கட்டுப்படுத்தி, குடியிருப்பவரை வெளியேற்றுவதைக் கடினமாக்கிய 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இருக்கிறது. ஆனால் 1980 க்குப் பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்படும் குடியிருப்புகளுக்கு அதன் காப்பு இல்லை. சூறாவளிக்கும் போருக்கும் கடற்கோளுக்கும் பிறகு கட்டப்பட்ட வீடுகளே நிறைந்த மட்டக்களப்பில், அச்சட்டத்தால் பயன் பெறும் இளையவர் மிகச் சிலர்.

பெண்ணுக்கு ஏற்படும் இழப்பு

சீதன முறை குறையில்லாதது அல்ல. வீடு இல்லாத பெண்ணின் கலியாணம் தள்ளிப்போகிறது. பெற்றோர் கடனில் மூழ்குகிறார்கள். சகோதரர்களின் இளமை வெளிநாட்டு வெயிலில் கழிகிறது. சீதனத்தை எதிர்க்கும் குரல்கள் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் எழுவதற்கு நல்ல நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முறை பெண்ணுக்குக் கொடுத்த ஒன்றை மறக்கக்கூடாது. அவள் தன் சொந்த வீட்டில், தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்க வாழ்ந்தாள். கணவன் இறந்தாலோ விட்டுப் போனாலோ அவள் வீதிக்கு வரவில்லை. போரில் ஆண்களை இழந்த எத்தனையோ குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது இந்தத் தாய்வழி வளவுதான்.

வாடகை வீட்டில் அந்தக் காப்பு இல்லை. மாத வாடகை கணவனின் வருமானத்தை நம்பியிருந்தால், அந்த வருமானம் நிற்கும் நாளில் கூரையும் நிற்காது. அரசும் நிறுவனங்களும் வீடு கொடுக்கும்போது குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் பத்திரம் எழுதியதாலும் சில பெண்கள் தம் சீதன உரிமையை இழந்தார்கள். கடற்கோளுக்குப் பின் இது பெண்கள் அமைப்புகளின் முக்கிய முறைப்பாடாக இருந்தது.

செய்யக்கூடியவை

வாடகை வீட்டை ஒழிக்க வேண்டியதில்லை. அது பாதுகாப்பான வாழ்விடமாக வேண்டும். ஓராண்டு, ஈராண்டு வாடகை உடன்பாடுகளைக் குறைந்த செலவில் சட்டப்படி எழுத வழி செய்வதும், முற்பணத்துக்கு உச்ச அளவு வைப்பதும், வெளியேற நியாயமான கால அவகாசம் கொடுப்பதும் இரு தரப்புக்கும் நன்மை. வாடகைக்கு இருப்பவர் தம் பக்கத்தில் செய்யக்கூடியது: கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குவது, நீண்டகாலம் இருப்பதானால் நொத்தாரிசு முன் எழுதிக்கொள்வது.

சொந்த வீடு கட்ட நினைப்பவருக்கு முதல் தேவை தெளிந்த காணிப் பத்திரம். அனுமதிப்பத்திரக் காணிகளின் பெயர் மாற்றத்தையும் பிரிப்பையும் பிரதேச செயலகங்கள் விரைந்து முடித்தால், கட்டிய வேலிக்கு ஒரு கடதாசி கிடைக்கும். கடனுக்கு வழி திறக்கும். புதிய வீட்டுத் திட்டங்களில் பத்திரம் மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலோ எழுதப்பட வேண்டும். பருவ வருமானம் உள்ளவருக்கு ஏற்ற தவணை முறையும், அத்திவாரம், சுவர், கூரை எனக் கட்டங்கட்டமாக எடுக்கக்கூடிய சிறுகடனும் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தும். ஏனென்றால் இங்கே வீடு எழுந்த விதமே அதுதான். இதுவரை தனித்து அந்தச் சுமையைத் தூக்கிய குடும்பத்துக்கு அரசும் வங்கியும் தோள் கொடுத்தால், வாடகை வீடு இளையவரின் தெரிவாக இருக்கும். கதியற்றவரின் தங்குமிடமாக இராது.